நூற்றுக்கு மூன்று: எதில் மூன்று?

வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில் அமெரிக்கக் கணித அறிஞர் ஜான் ஆலன் பாலோஸ் பற்றியும், எழுத்தறிவைப் போலவே எண்ணறிவும் எல்லோருக்கும் வேண்டும் என்று அவர் எழுதிவருவது பற்றியும் வெளியிட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டுத் தொண்டி முதல் சாயல்குடி வரையிலான கடற்கரை ஊர்களிலிருந்து வாசகர்கள் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். வட்டி, அலை, பாசி, இறால் என்று பெரும்பாலும் அன்றாடத் தொழில் சார்ந்த கேள்விகள். எங்கள் கணக்குக் குழுவின் பதில்கள் இதோ.

பாலோஸ் புதிய தேற்றம் எதையாவது கண்டுபிடித்தாரா? அவரை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?
- கல்லூரி மாணவி, கீழக்கரை

பாலோஸ் 1945இல் பிறந்தவர். பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது தேற்றம் அல்ல, 1988இல் வந்த 'இன்னூமரசி' (எண்ணறிவின்மை) என்ற சிறிய புத்தகம். எழுதப் படிக்கத் தெரியாது என்று சொல்லக் கூசுகிற படித்தவர்கள்கூட 'எனக்குக் கணக்கு வராது' என்று கூச்சமில்லாமல் சொல்கிறார்களே, அதனால் என்னென்ன கேடு வருகிறது என்பதுதான் அதன் பொருள். கேடு என்று அவர் குறிப்பது தேர்வில் மதிப்பெண் குறைவதை அல்ல. தவறான மருத்துவ முடிவு, ஏமாற்று முதலீடு, செய்தியில் வரும் எண்ணைக் கண்டு மிரள்வது அல்லது மயங்குவது ஆகியவற்றைத்தான்.

பெரிய எண்களை உணரவைக்க அவர் வினாடியைக் கையில் எடுக்கிறார். பத்து லட்சம் வினாடி என்பது பதினொன்றரை நாள். நூறு கோடி வினாடி ஏறக்குறைய 32 ஆண்டு. நம் வழக்கில் வைத்துப் பாருங்கள். ஒரு லட்சம் வினாடி ஒரு நாளும் நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவும். ஒரு கோடி வினாடி சுமார் 116 நாள். லட்சம் கோடி வினாடி சுமார் 31,700 ஆண்டு. செய்தியில் 'கோடி' என்றும் 'லட்சம் கோடி' என்றும் அடுத்தடுத்து வரும்போது இரண்டும் காதில் ஒரே மாதிரி விழுகின்றன. ஒன்று நான்கு மாதம்கூட இல்லை, மற்றது மனித நாகரிகத்தையே தாண்டிய காலம்.

இன்னொரு வழி, வகுத்துப் பார்ப்பது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்துக்கு 550 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. நீளம் 2.08 கிலோமீட்டர். வகுத்தால் மீட்டருக்குச் சுமார் 26 லட்சம் ரூபாய். அது கூடுதலா, நியாயமா என்று இனிமேல்தான் பேச முடியும். 550 கோடி என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பேச முடியாது.

எங்கள் தெருவில் தண்டல் கொடுக்கிறார்கள். 10,000 என்று எழுதி 8,500 கையில் தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 'நூற்றுக்கு 15தானே, அடகுக் கடை வட்டியைவிடக் குறைவு' என்கிறார்கள். சரியா?
- மகளிர் குழு உறுப்பினர், தங்கச்சிமடம்

சரியில்லை. இதில் மூன்று இடங்களில் கணக்கு நழுவுகிறது.

முதலாவது, 15 என்பது எதில் 15? அவர்கள் 10,000இல் பார்க்கிறார்கள். உங்கள் கைக்கு வந்ததோ 8,500. கைக்கு வராத பணத்துக்கு வட்டி கிடையாது. 1,500ஐ 8,500ஆல் வகுத்தால் 17.6 சதவீதம்.

இரண்டாவது, எவ்வளவு காலத்துக்கு? அடகுக் கடையில் சொல்லும் சதவீதம் ஆண்டுக்கோ மாதத்துக்கோ உரியது. இது 100 நாளுக்கு. காலம் வேறான இரண்டு சதவீதங்களை அருகருகே வைத்து ஒப்பிடவே கூடாது.

மூன்றாவதுதான் பெரிய நழுவல். அந்த 8,500 ரூபாய் 100 நாளும் உங்களிடம் இருப்பதில்லை. மறுநாளே திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறீர்கள். ஐம்பதாம் நாள் மாலை 5,000 ரூபாய் போய்விட்டிருக்கும். சராசரியாக உங்கள் கையில் நின்ற கடன் 8,500இல் பாதி, அதாவது 4,250 என்று கொள்ளலாம். 1,500ஐ 4,250ஆல் வகுத்தால் 35 சதவீதம், அதுவும் 100 நாளுக்கு. ஆண்டுக்கு மாற்ற 3.65ஆல் பெருக்குங்கள்: 129. பாதி என்று எடுத்துக்கொண்டது தோராயம்; ஒவ்வொரு நாள் பாக்கிக்கும் தனித்தனியே வட்டி போட்டுத் துல்லியமாகப் பார்த்தால் நாளுக்கு 0.33 சதவீதம், ஆண்டுக்கு 120ஐ ஒட்டி வருகிறது. 'நூற்றுக்கு 15' என்று சொன்னதன் உண்மை முகம் ஆண்டுக்கு நூற்றுக்கு 120.

ஒப்பிட ஒரு எண். இதே 8,500ஐ ஆண்டுக்கு 12 சதவீதத்தில், குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி போடும் கடனாக வாங்கி 100 நாளில் கட்டி முடித்தால், வட்டி சுமார் 140 ரூபாய். இங்கே 1,500.

இதைவிட மோசமானது, பாதியில் 'புதுப்பித்துத் தருகிறேன்' என்பது. அறுபது நாள் கட்டியபின் பாக்கி 4,000. புதிதாக 8,500 தருவதாகச் சொல்லி, 4,000ஐக் கழித்துக்கொண்டு 4,500 தருவார்கள். மீண்டும் 100 நாள். பழைய கணக்கில் இன்னும் 40 நாள்தான் இருந்தது. புதிதாகச் சேர்ந்தது 60 நாள், 6,000 ரூபாய். கைக்கு வந்தது 4,500. முன்கூட்டியே கழித்துவிட்ட 40 நாள் வட்டியில் காசு கூடத் திரும்பவில்லை. கட்டாயம் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் பழையதை முடித்துவிட்டுப் புதிதாக வாங்குங்கள், நடுவில் புதுப்பிக்காதீர்கள்.

அதிக வட்டி வசூலைத் தடை செய்யத் தமிழ்நாட்டில் 2003இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. புகார் கொடுக்கும்போது கையில் வந்த தொகை, கட்டிய தேதிகள் ஆகிய இரண்டும் ஒரு நோட்டில் இருந்தால் மேலே சொன்ன கணக்கை யாரும் மறுக்க முடியாது. ஆகவே முதல் நாளே எழுதத் தொடங்குங்கள்.

படகு இயந்திரத்துக்கு 'பிளாட் ரேட்' கடன் வாங்குகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. முழுத்தொகைக்கும் ஆண்டுக்கு 12 சதவீதம் என்று போட்டு 24 மாதத் தவணையாகப் பிரித்தால், குறையும் பாக்கி முறையில் அது 21.6 சதவீதத்துக்குச் சமம்.

அறிக்கையில் அலை 2.5 மீட்டர் என்று போடுகிறார்கள். தென்கடலில் (மன்னார் வளைகுடாவில்) நான்கு மீட்டருக்கு எழும்புகிறது. அறிக்கை பொய்தானே?
- நாட்டுப்படகு மீனவர், பாம்பன்

அறிக்கை பொய் இல்லை. அந்த 2.5 எதைக் குறிக்கிறது என்பதுதான் உங்களுக்குச் சொல்லப்படவில்லை. கடலுக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நாங்கள் உறுதியாக நினைக்கிறோம்.

ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் போன்ற கடல்சார் மையங்கள் சொல்லும் அலை உயரம் 'இதற்கு மேல் எழும்பாது' என்ற வரம்பு கிடையாது. வருகிற அலைகளை உயரப்படி அடுக்கி, உயரமான மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, அவற்றுக்குப் போட்ட சராசரி. உயரம் என்பது அலையின் பள்ளத்திலிருந்து உச்சி வரை.

ஒன்பது அலைகளை எடுத்துக்கொள்வோம், மீட்டரில்: 0.8, 1.0, 1.1, 1.3, 1.5, 1.7, 2.0, 2.4, 3.1. உயரமான மூன்று: 2.0, 2.4, 3.1. கூட்டினால் 7.5, மூன்றால் வகுத்தால் 2.5. இந்தக் கடலுக்கு அறிக்கை 2.5 என்றுதான் வரும். ஒன்பதின் பொதுச் சராசரியோ 1.7தான். ஆனால் 3.1 மீட்டர் அலையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஆழ்கடலில் அலைகள் எப்படிப் பரவி அமையும் என்பதற்கு நன்கு சோதித்த கணக்கு உண்டு. அதன்படி, அறிக்கை 2.5 என்றால் ஏறக்குறைய ஏழு அலைக்கு ஒன்று 2.5ஐத் தாண்டும். சுமார் 90 அலைக்கு ஒன்று 3.75 மீட்டரைத் தாண்டும். அலைக்கு அலை 8 வினாடி இடைவெளி என்றால் 90 அலை வர 12 நிமிடம். ஆயிரம் அலைகளில் ஆகப் பெரியது 4.6 மீட்டர் வாக்கில் இருக்கும். ஆயிரம் அலை கடக்க ஆவது இரண்டேகால் மணி நேரம். ஆகவே காலையில் போய் மதியம் திரும்புகிறவர் நான்கு மீட்டர் அலையைப் பார்ப்பது வழக்கமான விஷயமே.

கைக்கணக்கு இது: அறிக்கை எண்ணை இரண்டால் பெருக்குங்கள். அந்த உயரத்தைப் படகு தாங்குமா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். அறிக்கை எண்ணைத் தாங்குமா என்று பார்க்காதீர்கள்.

இன்னும் ஒன்று. அலையின் ஆற்றல் உயரத்தின் வர்க்கப்படி கூடும். உயரம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. 1.25இலிருந்து 2.5 ஆவதை 'கொஞ்சம் கூடியிருக்கிறது' என்று சொல்லக் கூடாது.

வடகடலில் இந்த விகிதங்கள் அப்படியே பொருந்தாது. பாக் நீரிணைப் பகுதி ஆழம் குறைந்தது. தண்ணீரின் ஆழம் அலை உயரத்தைப் போல 1.3 மடங்குக்கு இறங்கும்போது அலை உடையத் தொடங்கும். 2.5 மீட்டர் அலை சுமார் 3.2 மீட்டர் ஆழத்தில் உடைந்துவிடும். உயரம் அங்கே மட்டுப்படும். ஆனால் உடையும் அலைதான் படகைப் புரட்டுகிறது. வாடைக்காலத்தில் திட்டுகளுக்கு மேலே ஓட்டுகிறவர்கள் உயரத்தைப் பார்ப்பதைவிட, தங்கள் அடியில் எத்தனை மீட்டர் தண்ணீர் என்று பார்ப்பது முக்கியம்.

கைபேசியில் பார்த்துக் குறித்த இடத்தைப் படகு ஜி.பி.எஸ்.இல் போட்டால் வேறு எங்கோ காட்டுகிறது. கருவி பழுதா?
- விசைப்படகு ஓட்டுநர், மண்டபம்

பெரும்பாலும் கருவி நன்றாகவே இருக்கும். ஒரே இடத்தை எழுத மூன்று முறைகள் உள்ளன. ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் போட்டுவிட்டீர்கள்.

கைபேசி வரைபடம் பொதுவாக 9.2880 என்று டிகிரியைப் பத்தின் பின்னமாகக் காட்டும். படகுக் கருவி 9 டிகிரி 17.28 மினிட் என்று காட்டும். சிலவற்றில் 9 டிகிரி 17 மினிட் 17 செகண்ட். மூன்றும் ஒரே அட்சரேகை. ஒரு டிகிரிக்கு 60 மினிட் என்பதால் 0.2880ஐ 60ஆல் பெருக்க வேண்டும்: 17.28. மினிட்டின் பின்னமான 0.28ஐ மறுபடி 60ஆல் பெருக்கினால் 16.8, அதாவது 17 செகண்ட்.

நடக்கிற தவறு என்னவென்றால், 9.2880ஐப் பார்த்து 9 டிகிரி 28.80 மினிட் என்று அழுத்துவது. வித்தியாசம் 11.52 மினிட். அட்சரேகையில் ஒரு மினிட் ஒரு கடல் மைல். ஆகவே 11.52 கடல் மைல், 21 கிலோமீட்டருக்கு மேல், வடக்கே தள்ளிவிடுகிறது. எல்லைக்கோடு பக்கத்தில் இருக்கிற கடலில் 11 மைல் பிசகினால் படகும் வலையும் மட்டும் அல்ல, ஆட்களும் சிக்குகிற நிலை வரும்.

டிகிரிக்கு அடுத்து வரும் எண் 60ஐத் தாண்டினால் அது மினிட்டாக இருக்க முடியாது, உடனே பிடித்துவிடலாம். 60க்குக் கீழே இருந்தால் கண்ணால் பிடிக்க முடியாது. அதனால் துறையில் படகு கட்டியிருக்கும்போதே கைபேசியையும் கருவியையும் பக்கத்தில் வைத்து இரண்டின் எண்களையும் ஒரு தாளில் எழுதி, மேலே சொன்னபடி மாற்றிப் பாருங்கள். பிறகு கருவியின் அமைப்பில் மூன்றில் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து, கூடப் போகிற படகுகள் எல்லாம் அதையே வைத்துக்கொள்ளுங்கள். வயர்லெஸ்ஸில் இடம் சொல்லும்போது 'ஒன்பது புள்ளி' என்று தொடங்காமல் 'ஒன்பது டிகிரி, பதினேழு புள்ளி இரண்டு எட்டு மினிட்' என்று அலகோடு சொல்லுங்கள்.

தூரத்திலும் இதே குழப்பம். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், சாலை மைல் 1.609. ஆறு நாட் வேகம் என்பது மணிக்கு ஆறு கடல் மைல், அதாவது 11 கிலோமீட்டர்.

கடற்பாசி வாங்குகிறவர் ஈரம் 35 சதவீதத்துக்கு விலை பேசுகிறார். 40 இருந்தால் எடையில் 5 சதவீதம் கழிக்கிறார். 30க்குக் காய வைத்துக் கொடுத்தால் எதுவும் கூட்டித் தருவதில்லை. கழிப்பது நியாயமா?
- பாசி வளர்ப்பவர், இராமேசுவரம் தீவு

கழிப்பதில் உங்களுக்கு நட்டம் இல்லை. கூட்டித் தராததில்தான் நட்டம். ஏனென்று பார்ப்போம்.

பாசியில் தண்ணீர் போகும், வரும். காய்ந்த சத்து மாறாது. எனவே கணக்கை எப்போதும் சத்திலிருந்து தொடங்க வேண்டும். ஈரம் 40 என்றால் 100 கிலோவில் சத்து 60 கிலோ. அதே 60 கிலோ சத்து, ஈரம் 35 உள்ள பாசியில் எத்தனை கிலோவாக இருக்கும்? 60ஐ 65ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 92.3 கிலோ. அவர் நியாயப்படி கழிக்க வேண்டியது 7.7, கழிப்பது 5. இனி 30க்குக் காய வைத்தால்: சத்து 70 கிலோ, 65ஆல் வகுத்தால் 107.7 கிலோவுக்குச் சமம். உங்களுக்கு 7.7 கிலோவுக்கான விலை கூடுதலாக வர வேண்டும். வருவதில்லை. விலை பேசும்போது இந்த வாய்பாட்டையே முன்வையுங்கள்: எடையை, நூறிலிருந்து ஈரத்தைக் கழித்த எண்ணால் பெருக்கி, 65ஆல் வகுக்க வேண்டும். அவர் சம்மதிக்காவிட்டால் 35க்குக் கீழே காய வைத்து எடையை இழக்காதீர்கள். ஆனால் நெடுநாள் கட்டி வைப்பதானால் ஈரம் கூடுதலான பாசி கெட்டுப்போகும், அதையும் சேர்த்து யோசியுங்கள்.

ஈரச் சதவீதம் கண்ணை ஏமாற்றுகிற எண். புதுப்பாசியில் நூற்றுக்குச் சுமார் 90 தண்ணீர். 100 கிலோவில் சத்து 10. ஈரம் 90இலிருந்து 80க்கு இறங்கும்போது எடை எவ்வளவு குறையும்? பத்துச் சதவீதம் என்றுதான் பலரும் சொல்வார்கள். பாதியாகக் குறையும். பத்துக் கிலோ சத்து நூற்றுக்கு 20 ஆக இருக்க, மொத்தம் 50 கிலோவாக இருந்தாக வேண்டும். தொடக்கத்து உலர்த்தலில் எடை கொட்டுவதும் கடைசியில் மெதுவாக இறங்குவதும் இதனால்தான்.

வீட்டில் சோதிக்க: மூட்டையின் மேல், நடு, அடி ஆகிய மூன்று இடத்திலிருந்தும் எடுத்துக் கலந்து, மணலையும் ஒட்டிய உப்பையும் உதறிவிட்டு, 100 கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள். சின்னச் சின்னதாக நறுக்கி, வாணலியில் மிகச் சிறு தீயில் கருகாமல் வறட்டுங்கள். இரண்டு முறை அடுத்தடுத்து நிறுத்தும் எடை மாறவில்லை என்றால் முடிந்தது. 62 கிராம் மிஞ்சினால் ஈரம் 38. உப்பை உதறாமல் நிறுத்தால் உப்பும் சத்தாகவே கணக்கில் ஏறி, ஈரம் குறைவாகத் தோன்றும். வாங்குகிறவர் எண்ணோடு உங்கள் எண் ஒத்துவராததற்கு முதல் காரணம் பெரும்பாலும் அதுதான்.

மீன்பிடிப்பு முதல் ஆண்டு 50 சதவீதம் குறைந்து, அடுத்த ஆண்டு 50 சதவீதம் கூடினால் பழைய நிலைக்கு வந்துவிட்டோமா?
- வாசகர், தொண்டி

இல்லை. 100 டன் 50 ஆனது. 50இல் பாதி 25 கூடி 75 ஆனது. பழைய நிலைக்குத் திரும்ப 100 சதவீதம் கூட வேண்டும்.

இறால் கொள்முதலில் 'முப்பது கவுண்ட்' என்று விலை வைக்கிறார்கள். எங்கள் கூடையைக் கலப்பாகக் கொடுப்பது நல்லதா, பிரித்துக் கொடுப்பதா?
- மீனவர், தேவிபட்டினம்

பிரித்துக் கொடுங்கள். கவுண்ட் என்பது ஒரு கிலோவில் எத்தனை இறால் என்பது. எண் சிறிதானால் இறால் பெரிது. 20 கவுண்டில் ஒன்று 50 கிராம், 40 கவுண்டில் 25 கிராம். ஐந்து கிலோ 20 கவுண்டும் ஐந்து கிலோ 40 கவுண்டும் கலந்தால் பத்துக் கிலோவில் 300 இறால், அதாவது 30 கவுண்ட். எடுத்துக்காட்டுக்கு 20க்கு 600, 30க்கு 430, 40க்கு 350 ரூபாய் என்று வைத்தால், பிரித்து விற்க 4,750. கலந்து விற்க 4,300. பெரிய இறாலுக்கு விலை வேகமாக ஏறுவதால்தான் கலப்பில் நட்டம். உங்கள் துறையில் அன்றைக்கு உள்ள விலையை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 30இன் விலை, 20, 40 விலைகளின் சரிபாதிக்குக் கீழே இருக்கும்வரை பிரிப்பதே லாபம்.

எண்ணும்போது மேலாக ஒரு கை அள்ளி எண்ண விடாதீர்கள். குலுங்கிய கூடையில் சிறியது அடியில் போகும், பெரியது மேலே நிற்கும். மூன்று இடத்தில் ஒவ்வொரு கிலோ எடுத்து, ஐஸ் தண்ணீர் வடித்து, எண்ணிச் சராசரி போடச் சொல்லுங்கள். 30க்கும் 31க்கும் நடுவில் விலை முறிகிற இடத்தில் ஒரே ஒரு இறால் கணக்கை மாற்றும். அங்கே ஒரு கிலோ மட்டும் எண்ணிய முடிவை ஏற்காதீர்கள்.

மீன் விற்கிற வீட்டுப் பிள்ளைகள் வாய்க்கணக்கில் புலி. பரீட்சையில் அதே கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள். என்ன செய்வது?
- ஆசிரியை, இராமநாதபுரம்

1985இல் பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் வியாபாரம் செய்த ஐந்து பிள்ளைகளிடம் தெரெசின்யா நூனஸ், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் நடத்திய ஆய்வு இதைத்தான் ஆராய்ந்தது. கடையில் கேட்டபோது 98 சதவீதம் சரி. அதே எண்களை வெறும் கணக்காகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம். ஒரு தேங்காய் 35 என்றால் பத்து எவ்வளவு? பையன் 35க்குப் பின்னால் பூஜ்யம் சேர்க்கவில்லை. மூன்று 105, இன்னும் மூன்று 210, இன்னும் மூன்று 315, இன்னும் ஒன்று 350 என்று போனான். பிறகு மீனவர்களிடமும் இவர்கள் விகிதக் கணக்கை ஆராய்ந்தார்கள். பச்சை மீன் இத்தனை கிலோவுக்குக் காய்ந்தது இத்தனை என்று தெரிந்தவர்கள், பள்ளியில் கற்காமலே அதைத் திருப்பிப் போடவும் செய்தார்கள்.

ஆகவே அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு வரவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். கிலோ 280 ரூபாய் மீன் 3.75 கிலோ என்று கொடுங்கள். சந்தைப் பிள்ளை 'நாலு கிலோ 1,120, கால் கிலோ 70 போக 1,050' என்று சொல்வாள். அதை அவள் வாயாலேயே சொல்ல வைத்து, நீங்கள் கரும்பலகையில் எழுதுங்கள். அதற்குப் பக்கத்தில் பள்ளி முறைப் பெருக்கலைப் போட்டு, இரண்டிலும் எந்த வரி எந்த வரிக்கு ஈடு என்று கோடிழுத்துக் காட்டுங்கள். தாளில் வரும் பிழை பெரும்பாலும் புள்ளி இடம் மாறுவதுதான்: 105 என்று எழுதுவாள். 'நாலு கிலோ மீனை 105 ரூபாய்க்கு விட்டுவிடுவாயா?' என்று கேளுங்கள், தானே திருத்துவாள். விடை எழுதுமுன் தோராயம் சொல்லும் பழக்கம் இப்படித்தான் வரும்.

பாட்டிமார் சொல்லும் அரைக்கால், வீசம் ஆகியவற்றையும் வகுப்புக்குள் கொண்டுவாருங்கள். அரைக்கால் எட்டில் ஒன்று, தராசில் 0.125 கிலோ. வீசம் பதினாறில் ஒன்று, 62.5 கிராம். பின்னமும் தசமமும் ஒன்றுதான் என்பது அங்கேயே பிடிபட்டுவிடும்.

முகாமில் ஒரு சோதனையில் நோய் இருப்பதாக வந்தது. சோதனை 95 சதவீதம் சரி என்கிறார்கள். அப்படியானால் எனக்கு நோய் இருக்க 95 சதவீத வாய்ப்பா?
- வாசகர், ஏர்வாடி

அப்படிச் சொல்ல முடியாது. அந்த நோய் ஊரில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்பது தெரியாமல் இதற்கு விடை கிடையாது. ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர் சொல்லும் வழி, சதவீதத்தை விட்டுவிட்டு ஆட்களை எண்ணுவது.

நூற்றில் ஒருவருக்கு நோய் என்று வைப்போம். 10,000 பேரைச் சோதித்தால் நோயாளிகள் 100. சோதனை அவர்களில் 95 பேரைச் சரியாகக் காட்டும். நோய் இல்லாத 9,900 பேரில் நூற்றுக்கு ஐந்து பேரைத் தவறாகக் காட்டும்: 495. 'இருக்கிறது' என்று தாள் வாங்கியவர்கள் மொத்தம் 590. உண்மையில் நோய் உள்ளவர்கள் 95. நூற்றுக்குப் பதினாறு.

இதே போன்ற, ஆனால் வேறு வகையான இரண்டாவது சோதனையிலும் அப்படியே வந்தால், 95இல் 90 பேரும் 495இல் 25 பேரும் மிஞ்சுவார்கள். வாய்ப்பு நூற்றுக்கு 78 ஆகிவிடும். ஆகவே முதல் தாளைப் பார்த்து மனம் உடையவும் வேண்டாம், கிழித்துப் போடவும் வேண்டாம். இரண்டாவது சோதனைக்கு இந்த வாரமே போங்கள். உங்களுக்கு அறிகுறிகள் இருந்தால் நீங்கள் அந்தப் பொதுவான நூற்றில் ஒருவர் கணக்கில் சேரமாட்டீர்கள். தொடக்க வாய்ப்பே அதிகம். அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வாட்ஸ்ஆப்பில் ஒருவர் ஆறு வாரமாகப் பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று சரியாகச் சொல்கிறார். ஏழாவதுக்குப் பணம் கேட்கிறார். ஆறு முறையும் சரியென்றால் நம்பலாமா?
- வெளிநாட்டிலிருந்து திரும்பியவர், பெரியபட்டினம்

பாலோஸ் தம் புத்தகத்தில் விளக்கும் பழைய தந்திரம். 6,400 பேர் எண்கள் கையில் இருந்தால் போதும். பாதிப் பேருக்கு 'ஏறும்', பாதிப் பேருக்கு 'இறங்கும்'. சரியாகப் போன 3,200 பேருக்கு மட்டும் அடுத்த வாரம். பிறகு 1,600, 800, 400, 200, 100. ஆறு வாரம் கழித்து நூறு பேர் ஆறும் சரியாக வந்ததைக் கண்ணால் கண்டவர்கள். நீங்கள் அந்த நூறில் ஒருவர். மற்ற 6,300 பேருக்கு என்ன வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. பணம் கொடுக்காதீர்கள்.

கணக்கு தெரிந்தவர் சந்தையில் தப்பிவிடுவார் என்றும் நினைக்க வேண்டாம். பாலோஸே வேர்ல்ட்காம் நிறுவனப் பங்கில் பணத்தை இழந்தவர். அதை மறைக்காமல் 2003இல் புத்தகமாக எழுதினார்.

'ஓரிரு இடங்களில் மழை' என்றால் எங்கள் ஊரில் மழை வருமா? ஐந்து சென்டிமீட்டர் மழை என்றால் எவ்வளவு தண்ணீர்?
- வாசகி, சாயல்குடி

'ஓரிரு இடங்கள்' என்பது பரப்பைப் பற்றிய சொல். அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போகாது என்று பொருள். உங்கள் ஊர் அதில் விழுமா என்பதை அது சொல்லவில்லை.

தண்ணீர்க் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். 30 சதுர மீட்டர், அதாவது சுமார் 320 சதுர அடி மாடியில் ஐந்து சென்டிமீட்டர், 50 மில்லிமீட்டர் பெய்தால் 1,500 லிட்டர். தளம் உறிஞ்சுவது, தெறிப்பது, முதல் அழுக்குத் தண்ணீரை வெளியே விடுவது போக ஐந்தில் நான்கு பங்கு, 1,200 லிட்டர் தொட்டிக்கு வரும். 500 லிட்டர் தொட்டி வைத்திருந்தால் அந்த ஒரே மழையில் 700 லிட்டர் வழிந்து போகும். தொட்டி வாங்குமுன் மாடியை அளந்துகொள்ளுங்கள்.